மழை இல்லை

நுவரெலியாக் கச்சேரியின் பின்னறையில்
மூன்று மாதத் தற்காலிக வேலை எனக்கு:
எலி தின்றது போக மிஞ்சியதைப் பிரதி எடுப்பது.
எல்லை நிர்ணயக் குழு கேட்டிருக்கிறதாம்.
எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

மாரக்கலைத் தொகுதியே,
உன்னைப் பற்றி முதலில் கிடைத்தது அரை வாக்கியம்:
"கிழக்கே, ஓயாவின் நடுக்கோடு வழியாகப்
பழைய பாலம் வரை; அங்கிருந்து மலைமுகட்டைப் பற்றி..."
மிச்சம் எலி வயிற்றில்.
நாற்பத்தாறில் யாரோ ஒருவர்
கால் நனையாமல், பென்சிலோடு
அந்த ஆற்றைக் கடந்திருக்கிறார்.

பிறகு நாற்பத்தேழின் இடாப்பு.
17,412 பேர்.
வீட்டு இலக்கம் என்ற கட்டத்தில் வீடு இல்லை:
மேல்பிரிவு, மூன்றாம் லயம், ஏழாம் காம்பிரா.
ஒச்சாயி. சடையாண்டி. அங்கம்மை. இன்னொரு ஒச்சாயி.

எங்கள் மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
வாய் காட்டினால் பேரில்லை.
வாக்குப் போடப் போன அன்று
செக்ரோலில் அவர்களுக்கு என்ன விழுந்ததோ,
இந்தத் தாளில் எல்லோருக்கும் முழுப்பேர்.
எத்தனை ராத்தல் என்று
பக்கத்தில் கட்டம் கூட இல்லை.

நாற்பத்தெட்டில் ஒரு சட்டம்.
நாற்பத்தொன்பதில் அதன் வால்.
அடுத்த இடாப்பை ஒரு கையால் தூக்கிவிட்டேன்.
1,806.
பேர் வெட்டியாச்சு என்று
கணக்கப்பிள்ளை காலையில் சொல்வாரே,
அதையே கொழும்பில் மூன்று தடவை வாசித்து
நிறைவேற்றியிருக்கிறார்கள்.

ஐம்பத்திரண்டில், தோட்டப் பள்ளிக்கூடத்துச் சாவடிக்கு
விஜேகோன் என்றொரு அதிகாரி.
அவர் குறிப்பேடு முழுசாக இருக்கிறது:
ஏழு முதல் எட்டு - நான்கு பேர்.
எட்டு முதல் ஒன்பது - கடைக்காரர்.
ஒன்பது முதல் பத்து - டீமேக்கரும் மனைவியும்.
பிறகு நீளமாக ஒரு கோடு.
வாக்களிப்பு குறைந்ததற்குக் காரணம் என்ற இடத்தில்
"மழை இல்லை" என்று எழுதியிருக்கிறார்.
கீழே, மை மாறி:
"பனியும் இல்லை.
எதிர்மலையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.
கொழுந்து எடுக்கிறார்கள்."

எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது இதுதான்.
உன் எல்லையைப் போட ஆட்களை எண்ணினார்கள்.
ஒச்சாயியையும் எண்ணினார்கள், ஐம்பத்திரண்டிலும்.
அவள் தலை உன் கணக்கில் இருந்தது;
கை மட்டும் வேண்டாம்.
தராசில் கூடைக்கென்று கழிப்பார்கள், தெரியும்.
ஈரத்துக்கென்று கழிப்பார்கள், அதுவும் தெரியும்.
கொழுந்தையே கழித்துவிட்டுக்
கூடையைக் கணக்கில் வைத்தது
அந்த ஒரு தடவைதான்.

ஐம்பத்தொன்பதில் உன்னையும் வெட்டினார்கள்.
பாதி அங்கே, பாதி இங்கே.
யாரும் ஆட்சேபித்ததாகக் கோப்பில் இல்லை.
நானும் ஆட்சேபிக்கப் போவதில்லை.
பன்னிரண்டு வருஷத்தில்
ஒரு பகல்தான் நீ எங்களுடையது.

வாசலில் கையெழுத்துப் புத்தகம்.
முகவரி என்ற இடத்தில் இன்றும் எழுதினேன்:
மேல்பிரிவு, மூன்றாம் லயம்.
காம்பிரா மட்டும் வேறு.
காவலாளி கேட்டார்: "வீட்டு இலக்கம்?"

அறையைப் பூட்டும் முன் மறுபடி தேடினேன்.
ஒச்சாயி, ஏழாம் காம்பிரா,
பேருக்கு மேல் சிவப்புப் பென்சில் கோடு:
வந்தாள், போட்டாள்.
யாருக்கு என்று எந்தத் தாளிலும் இல்லை.
வாக்கு இரகசியமானது என்று
அவளுக்குச் சொல்லியிருப்பார்கள்.
சொன்னதில் அதை மட்டும் காப்பாற்றியிருக்கிறார்கள்.